சிங்கப்பூர் லேப்டாப்: லாபமா, நஷ்டமா?

"மாமா! காலேஜில் இடம் கிடைச்சாச்சு. லேப்டாப் வேணும்னு சொல்றாங்க."

போனில் பேசுகிறாள் மருமகள். மறுமுனையில், சிங்கப்பூரில், கட்டட வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய தாய்மாமன்.

"அதுக்கென்னம்மா! அடுத்த மாசம் லீவில் வரும்போது வாங்கிட்டு வர்றேன்."

அம்மா போனை வாங்குகிறாள். "தம்பி, அங்கே மலிவாமே? இங்கே வாங்கினா கையைக் கடிக்கும். நல்லதாப் பார்த்து வாங்கிட்டு வா."

தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் இப்படிப்பட்ட பேச்சைப் பல வீடுகளில் கேட்கலாம்.

ஒரு காலத்தில் சிங்கப்பூர் பெட்டி என்றால் டிரான்சிஸ்டர் ரேடியோவும், கோடாலித் தைலமும். பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. அதற்குப் பிறகு செல்போன். இப்போது லேப்டாப்!

2011-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதிலிருந்து கிராமத்துத் திண்ணையிலும் லேப்டாப்பைப் பார்க்க முடிகிறது. படிப்புக்கு அது புத்தகம் போல ஆகிவிட்டது.

சரி, மாமா வாங்கி வரும் லேப்டாப் உண்மையில் மலிவுதானா? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

வரியில்தான் வித்தியாசம்

லேப்டாப்புக்கு நம் நாட்டில் ஜி.எஸ்.டி. வரி 100-க்கு 18 ரூபாய்.

சிங்கப்பூரிலும் ஜி.எஸ்.டி. உண்டு. அங்கே 2024 ஜனவரி 1 முதல் 100-க்கு 9. அதற்கு முந்திய ஆண்டு 8. அதற்கும் முன்பு 7. அங்கேயும் வரி ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

துபாயில் 2018-ம் ஆண்டில்தான் இப்படி ஒரு வரி வந்தது. அங்கே 100-க்கு 5.

லண்டனில் எவ்வளவு தெரியுமா? 100-க்கு 20! நம் ஊரைவிட அதிகம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும். ஓரிகன், டெலவேர் போன்ற சில மாநிலங்களில் விற்பனை வரியே கிடையாது. மற்ற இடங்களில் சாமான் மேல் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். "சீட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலையா?" என்று புதிதாகப் போனவர்கள் திகைப்பது அதனால்தான்.

ஆகவே, வெளிநாடு என்றாலே மலிவு என்று நினைத்துவிடக் கூடாது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். வரி சேராமல் 50,000 ரூபாய் விலையுள்ள லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் வரி 9,000 ரூபாய். மொத்தம் 59,000. அதே லேப்டாப், அதே அடக்க விலைக்குச் சிங்கப்பூரில் கிடைத்தால் வரி 4,500 ரூபாய். மொத்தம் 54,500.

மிச்சம் 4,500 ரூபாய். வெயிலில் நின்று சம்பாதிப்பவருக்கு அது சின்னத் தொகை அல்ல. ஆனால் அந்த 4,500 ரூபாய் கடைசி வரை கையில் நிற்க வேண்டும். அதில்தான் விஷயமே இருக்கிறது!

கார்டில் பணம் கட்டினால் நாணயம் மாற்றுவதற்குப் பாங்க் ஒரு கட்டணம் பிடிக்கலாம். நம் ஊர்க் கடைகளில் தீபாவளி, ஆடித் தள்ளுபடி என்று விலை குறைகிற நாட்களும் உண்டு. இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும்.

வரி திரும்பி வருமா?

"கட்டிய வரியை ஏர்போர்ட்டில் திருப்பிக் கொடுப்பார்களாமே?" என்று சிலர் கேட்பார்கள்.

கொடுப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் அல்ல!

சிங்கப்பூரில் அது சுற்றுலாப் பயணிகளுக்கான சலுகை. இந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 வெள்ளிக்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய 2 மாதத்துக்குள் அதை நாட்டைவிட்டுக் கொண்டு போக வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் அதற்கென்று வைத்திருக்கும் இயந்திரத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். சேவைக் கட்டணம் போக மீதி கைக்கு வரும்.

அங்கே வேலை பார்ப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. நம் மாமா ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர். ஆகவே அவர் கட்டிய வரி கட்டியதுதான். "வரி திரும்பி வந்துவிடும்" என்று நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

லண்டன் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் கடைச் சாமானைக் கையோடு கொண்டு போகும் பயணிகளுக்கு வரியைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் முன்பு இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் லண்டன் உள்பட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் அதை நிறுத்திவிட்டார்கள்.

பிளக் நுழையவில்லை!

மாமா வந்துவிட்டார். பெட்டி பிரித்தாயிற்று. தெருவே கூடிவிட்டது. லேப்டாப்பை எடுத்துச் சுவரில் செருகப் போனால், பிளக் நுழையவில்லை!

நம் ஊர் பிளக்குக்கு மூன்று உருண்டைக் கால்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் பிளக்குக்கு மூன்று பட்டைக் கால்கள். அமெரிக்கப் பிளக்குக்கு மெல்லிய தகடு போல இரண்டு கால்கள். சிலவற்றில் அவற்றோடு ஓர் உருண்டைக் கால்.

உடனே யாராவது ஒருவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வருவார். மேல் ஓட்டையில் குத்தித் திறந்து, பட்டைக் காலை அழுத்தி நுழைப்பார். இது மிகவும் ஆபத்து! பிளக் சரியாகப் பிடிக்காமல் தொங்கும். பொறி பறக்கும். சுவிட்ச் போர்டே கருகிப் போகும். ஸ்குரூ டிரைவர் பிடித்த கைக்கும் உத்தரவாதம் இல்லை.

எளிய வழி ஒன்று இருக்கிறது. லேப்டாப் சார்ஜரைக் கவனித்துப் பாருங்கள். நடுவில் செங்கல் போல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். பெரும்பாலான சார்ஜர்களில் சுவரிலிருந்து அந்தப் பெட்டி வரை வரும் ஒயர் தனியாகக் கழன்று வரும். அதன் நுனியில் மூன்று இதழ் போலத் துளைகள் இருக்கும். அந்த ஒயரை மட்டும் மாற்றினால் போதும். நம் ஊர் பிளக் வைத்த ஒயர் கம்ப்யூட்டர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு கால் பிளக் வேண்டாம். மூன்று கால் பிளக்தான் வேண்டும். மூன்றாவது கால் எர்த்துக்கு. அது இல்லாவிட்டால், சார்ஜ் ஏறும்போது உலோக உடம்பு உள்ள லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறும். "ஷாக் அடிக்கிறதே, மிஷின் கெட்டுவிட்டதா?" என்று பயப்படுவார்கள். பல சமயம் மிஷின் கெட்டிருக்காது. எர்த் இல்லாததுதான் காரணம்.

மின்சாரம் ஒத்துக்கொள்ளுமா?

"அமெரிக்காவில் மின்சாரம் வேறு. இங்கே செருகினால் எரிந்து போய்விடும்" என்பார்கள் சிலர்.

அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான்.

ஆனால் லேப்டாப் சார்ஜர் பயப்பட வேண்டிய சாமான் அல்ல. அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். 'இன்புட்' என்ற இடத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம். லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

இஸ்திரிப் பெட்டி, மிக்சி போன்றவை அப்படி அல்ல. 120 வோல்ட் என்று மட்டும் போட்ட சாமானை நம் ஊரில் செருகினால் கருகிவிடும். எதுவானாலும் எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுவதே புத்திசாலித்தனம்.

எழுத்து இடம் மாறியது

சிங்கப்பூரில் விற்கும் லேப்டாப்பில் எழுத்துக் கட்டைகள் பெரும்பாலும் நம் ஊரில் உள்ளது போலவே இருக்கும். அதனால் தொல்லை இல்லை.

துபாயில் வாங்கினால் ஆங்கில எழுத்தோடு அரபு எழுத்தும் அச்சிட்டிருக்கலாம். ஜெர்மனியில் 'ஒய்' இருக்கும் இடத்தில் 'இசட்' இருக்கும். பிரான்சில் 'கியூ' இருக்கும் இடத்தில் 'ஏ' இருக்கும்! ஜப்பான் லேப்டாப்பில் கூடுதல் கட்டைகள் இருக்கும். இடம்விடும் நீளக் கட்டை குட்டையாக இருக்கும்.

டைப் அடித்துப் பழகியவருக்கு இது பெரிய தொல்லை. உள்ளே ஆங்கில முறைக்கு மாற்றிவிடலாம். ஆனால் கட்டையின் மேல் அச்சிட்ட எழுத்து மாறாதே! முதன் முதலாகப் பழகும் பிள்ளைக்கு அது குழப்பம்தான்.

தமிழுக்கு இந்தக் கவலை இல்லை. 1999-ம் ஆண்டு தமிழக அரசு 'தமிழ் 99' என்ற தட்டச்சு முறையை ஏற்றுக்கொண்டது. எந்த நாட்டு லேப்டாப்பிலும் தமிழைச் சேர்த்துக்கொண்டு அடிக்கலாம். கட்டை மேல் தமிழ் எழுத்து ஒட்டிக்கொண்டால் போதும்.

நம் ரூபாய்க் குறி 2010-ல் வந்தது. வெளிநாட்டு லேப்டாப்பில் அது அச்சிட்டிருக்காமல் போகலாம். விண்டோஸில் 'ஆங்கிலம் (இந்தியா)' என்ற எழுத்துப் பலகையைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு 4-ஐத் தட்டினால் ரூபாய்க் குறி வந்து நிற்கும்.

வாரண்டி எந்த நாட்டுக்கு?

இதுதான் முக்கியமான கேள்வி. பலர் கேட்க மறப்பதும் இதைத்தான்.

லேப்டாப் வாங்கி 6 மாதம். மருமகளுக்கு மறுநாள் பரீட்சை. திடீரென்று திரை கறுத்துவிட்டது! அம்மா அதைத் துணிப் பையில் வைத்துக்கொண்டு டவுனில் உள்ள சர்வீஸ் கடைக்கு ஓடுகிறாள். "ஒரு வருஷ வாரண்டி இருக்குங்க" என்கிறாள்.

கடைக்காரர் லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்க்கிறார். "இது சிங்கப்பூரில் வித்ததும்மா. வாரண்டி அங்கேதான். இங்கே சரி பண்ணினா நீங்கதான் பணம் கட்டணும்" என்கிறார்.

பாவம், அம்மா என்ன செய்வாள்? திரை மாற்றும் செலவிலேயே மிச்சப்படுத்திய 4,500 ரூபாயும் கரைந்து போகலாம். உள்ளே இருக்கும் மதர்போர்டு போய்விட்டால் அதற்கு மேலும் ஆகலாம்.

வாரண்டியில் பல வகை உண்டு. சில லேப்டாப்புகளுக்கு எந்த நாட்டிலும் செல்லும் வாரண்டி. சிலவற்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டும். இன்னும் சிலவற்றுக்கு, "இது இந்தியாவுக்கு வந்துவிட்டது" என்று கம்பெனிக்கு எழுதிப் பதிவு செய்துகொண்டால் செல்லும். ஒரே கம்பெனியில் கூட மாடலுக்கு மாடல் மாறலாம்!

உதிரி பாகத்திலும் கவனம் தேவை. அங்கே விற்கும் மாடல் நம் நாட்டில் விற்காத மாடலாக இருந்தால், ஒரு சின்ன சாமானுக்குக் கூட வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

சிங்கப்பூரில் வாங்குகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2012 செப்டம்பர் முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அந்தக் குறை இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரர் சரி செய்ய வேண்டும், அல்லது மாற்றிக் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான்! ஆனால் கடை சிங்கப்பூரில், லேப்டாப் பட்டுக்கோட்டையில்! மாமா திரும்பிப் போகும்போது தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

நம் ஊர்க் கடையில் வாங்கியிருந்தால்? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு இப்படியும் ஒரு பலன் இருக்கிறது.

படிக்காமல் போட்ட கையெழுத்து

வாரண்டி என்ற சொல்லை வைத்தே ஏமாற்றியவர்களும் உண்டு.

2014 நவம்பரில் சிங்கப்பூரில் ஒரு சம்பவம் நடந்தது. சிம் லிம் ஸ்கொயர் என்பது மாடி மாடியாக எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த கட்டடம். அங்கே வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிலாளி, தம் காதலிக்குப் பரிசு கொடுக்க 950 வெள்ளிக்கு ஒரு செல்போன் வாங்கினார். "ஒரு வருஷ வாரண்டியா, இரண்டு வருஷமா?" என்று கேட்டார்கள். அது இலவசம் என்று நினைத்து, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

போட்டதுதான் தாமதம்! "வாரண்டிக்கு இன்னும் 1,500 வெள்ளி கொடு" என்றார்கள்.

அவர் அழுதார். மண்டியிட்டுக் கெஞ்சினார். அந்தக் காட்சி படமாகி ஊரெல்லாம் பரவியது. மக்கள் கொதித்தார்கள். அந்தத் தொழிலாளிக்குக் கடைசியில் திரும்பக் கிடைத்தது 400 வெள்ளிதான். பலரை இப்படி ஏமாற்றிய அந்தக் கடை முதலாளிக்கு 2015-ல் 33 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது.

நாணயமான கடைகளும் அந்த ஊரில் ஏராளம். சிராங்கூன் சாலைப் பக்கம் தமிழிலேயே பேசி வாங்கலாம். ஆனால் எந்த ஊர்க் கடையானாலும், படிக்காத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த நண்பரைக் கூட அழைத்துப் போக வேண்டும்.

சுங்க அதிகாரி கேட்டால்?

திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் அடுத்த பயம் பிடித்துக்கொள்ளும். "லேப்டாப்புக்கு வரி போடுவார்களோ?"

பயம் வேண்டாம். 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டு வரலாம்.

ஒன்றுதான்! இரண்டு அல்ல.

2023 ஆகஸ்டு 3-ந் தேதி லேப்டாப் இறக்குமதிக்கு லைசென்சு வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தபோது, வெளிநாட்டில் இருந்தவர்கள் பதறினார்கள். ஆனால் பயணிகள் பெட்டியில் கொண்டு வருவதை அது தடுக்கவில்லை.

சிக்கல் எங்கே வருகிறது? "அண்ணே, என் மகனுக்கும் ஒன்று கொண்டு போய்க் கொடுங்கள்" என்று அறை நண்பர் கேட்பார். அந்த இரண்டாவது லேப்டாப், பயணியின் மற்றச் சாமான்களோடு சேர்ந்து கணக்கில் வரும். சலுகை அளவைத் தாண்டினால் தாண்டிய மதிப்புக்கு வரி உண்டு. அதை மறைக்காமல் அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பெட்டியைத் தொடவே கூடாது.

லேப்டாப்பைக் கைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. அதில் இருப்பது லித்தியம் பாட்டரி. விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அது சூடாகித் தீப்பிடித்தால் யார் கண்ணிலும் படாது. தனி பாட்டரி, பவர் பாங்க் இரண்டையும் கைப் பையில்தான் கொண்டு போக வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

கடையில் கேட்க வேண்டிய ஐந்து

வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஐந்தையும் பார்த்துவிட்டால் நல்லது.

1. இதே மாடல் நம் ஊரில் என்ன விலை? வீட்டில் உள்ள பிள்ளையிடம் கேட்டால் போனில் பார்த்துச் சொல்லிவிடும்.

2. வாரண்டி இந்தியாவில் செல்லுமா? கடைக்காரர் வாய்ச் சொல் போதாது. கம்பெனியின் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

3. சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா? ஒயர் கழன்று வருகிறதா?

4. எழுத்துக் கட்டை ஆங்கில முறையில் இருக்கிறதா? திரையில் ஆங்கிலம் வருகிறதா? சில வகை விண்டோஸில் திரை மொழி ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

5. பில்லில் சீரியல் நம்பரும் தேதியும் எழுதியிருக்கிறதா?

மாமா என்ன செய்தார்?

நம் மாமாவுக்கு வருவோம். கடையில் இரண்டு லேப்டாப்புகளைக் காட்டினார்கள். ஒன்று விலை குறைவு. வாரண்டி சிங்கப்பூருக்கு மட்டும். இன்னொன்று கொஞ்சம் கூட. வாரண்டி இந்தியாவிலும் செல்லும்.

அவர் மருமகளுக்குப் போன் போட்டார். அவள் இங்கேயுள்ள விலையைப் பார்த்துச் சொன்னாள். கணக்குப் போட்டார்கள். இரண்டாவதை வாங்கினால் மிச்சம் 2,000 ரூபாய்தான்.

"2,000 ரூபாய்தானே மாமா மிச்சம்?" என்றாள் மருமகள்.

"இருக்கட்டும்மா. கெட்டுப் போனா நீ டவுனுக்குப் போனால் போதும். நான் வர்றதுக்கு இரண்டு வருஷம் ஆகும்" என்றார் மாமா.

லேப்டாப் வந்து சேர்ந்தது. ஒயர் மாற்றியாயிற்று. எண்ணெய் காயாத சந்தனப் பொட்டோடு, சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் திறந்தாள் மருமகள்.

அம்மா மட்டும் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. கடைப் பில்லை நாலாக மடித்தாள். பீரோவைத் திறந்தாள். ரேஷன் கார்டும், வீட்டுப் பத்திரமும் இருக்கும் பையில் அதையும் சேர்த்து வைத்தாள்.